மூளைக்குக் கரண்ட் வைப்பார்களா? பதற்ற நோய்க்கான மூளைத் தூண்டல் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்து 19 வருடம் ஆகிறது. என் அக்காவுக்குப் பதற்ற நோய்க்காக மதுரையில் காந்தத் துடிப்புச் சிகிச்சை கொடுத்தோம். அது வெளியே தெரிந்ததிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், மனநல மருத்துவர் இல்லை. உங்களுக்கு இது வேண்டுமா என்று முடிவு சொல்லவேண்டியவர் உங்கள் டாக்டர்.

"மூளைக்குக் கரண்ட் வைக்கிறாங்களாமே, அதுதானா இது?"

மூளைத் தூண்டல் என்பது ஒரு சிகிச்சையின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர். அதில் பதற்றத்துக்காக இன்று அதிகம் பேசப்படுவது டிஎம்எஸ். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து, மூளையின் மேற்பகுதிக்குக் காந்தத் துடிப்புகளை அனுப்புவார்கள். மயக்க மருந்து கிடையாது. முழிப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவும் இந்த முறையைச் செய்து காட்டினார்கள்.

இரண்டாவது டிடிசிஎஸ். நெற்றியில் ஈரப் பஞ்சு வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் அளவுக்கு மிக மெல்லிய மின்சாரத்தை 20, 30 நிமிடம் செலுத்துவது. மூன்றாவது காதில் மாட்டும் சின்னக் கருவி. அதைப் பின்னால் சொல்கிறேன். மூளைக்குள்ளேயே கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அது எதற்கும் கட்டுப்படாத, மிகக் கடுமையான எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) போன்றவற்றுக்கு அரிதாகச் செய்வது. சாதாரணப் பதற்றத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

"அப்போ சினிமாவில் காட்டுற ஷாக் ட்ரீட்மென்ட்?"

அது ஈசிடி. 1938-ல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கியது. மூளையில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குவதுதான் அதன் வழி. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. சினிமாவில் ஆளைக் கட்டிப்போட்டுத் துடிக்கவிடுவதாகக் காட்டுவதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஈசிடி கெட்ட சிகிச்சை இல்லை. சாப்பிடாமல், பேசாமல், உயிரை விடும் நிலைக்குப் போன கடும் மனச்சோர்வில் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் பதற்றத்துக்கு என்று மட்டும் அதைக் கொடுப்பதில்லை. டிஎம்எஸ்ஸில் வலிப்பு உண்டாக்குவது நோக்கமே இல்லை. இரண்டும் வேறு வேறு.

"எனக்கு நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமில்லை. நேரா அந்த மெஷினுக்கே போயிடலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதையும் எழுத வைத்தது இந்த ஒரு கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படபடப்பு எல்லாமே பதற்ற நோய் இல்லை. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், வியர்க்கும். ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடிக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஈசிஜி. நாளைக்கு ஐந்து தடவை டிகிரி காபி குடிக்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக இருந்து, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாளில் கவலையை நிறுத்த முடியாமல் இருக்கிறது என்றால் பொதுப் பதற்ற நோயா என்று மனநல மருத்துவர் பார்ப்பார்.

அப்புறம் மருந்து. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவைதான் வழக்கமாக முதலில் எழுதுவது. அவை வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடவே செய்யலாம். கடையில் நான் கண்கூடாகப் பார்ப்பது இதுதான்: பத்தாம் நாள் ஒரு அண்ணன் வருவார், பாதி அட்டையை மேசையில் வைத்து, "இது ஒத்துக்கலை தம்பி, திரும்ப எடுத்துக்க" என்பார். அட்டையில் ஐந்து குழி காலி, ஐந்தில் மாத்திரை அப்படியே இருக்கும். மருந்து வேலை தொடங்குமுன்னே அவர் நிறுத்திவிட்டார். இப்படி மூன்று மருந்தை மாற்றியவர்தான் "எனக்கு எந்த மாத்திரையும் கேட்கலை, மெஷின்தான் வழி" என்று சொல்கிறார்.

மூன்றாவது, பேச்சு வழிச் சிகிச்சை. சிபிடி என்பார்கள். வாரம் ஒரு தடவையாக 12 முதல் 16 அமர்வு. பயத்தைத் தூண்டும் எண்ணத்தைப் பிடித்துப் பார்க்கவும், தவிர்க்கும் இடத்துக்குப் படிப்படியாகப் போகவும் பழக்குவது. பதற்றத்துக்கு இது மருந்துக்கு ஈடாக நிற்கும் என்பதற்கு நிறைய ஆய்வு இருக்கிறது. நம் பக்கத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு மருந்தாவது சரியான அளவில், சரியான காலம் சாப்பிட்டு, பேச்சுச் சிகிச்சையும் பார்த்து, அப்போதும் விடவில்லை என்றால் டிஎம்எஸ் பற்றிப் பேசுங்கள்.

"தலைக்கு வெளியே காந்தம் வச்சா உள்ளே எப்படித் தம்பி வேலை செய்யும்?"

இதைக் கேட்டவர் இங்கே காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருக்கு ஃபாரடே பெயரைச் சொன்னதுமே புரிந்துவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காந்தப்புலம் சட்டென்று மாறினால் பக்கத்தில் இருக்கும் மின்கடத்தியில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் கண்டுபிடித்த விதி. சைக்கிள் டைனமோவும் இதில்தான் ஓடுகிறது. மண்டையோடு காந்தத்தைத் தடுக்காது. அதனால் துடிப்பு உள்ளே போய், சுமார் 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் நரம்பணுக்களில் சின்ன மின்னோட்டத்தை எழுப்புகிறது. காந்தத்தின் வலு எம்ஆர்ஐ மெஷினுக்குச் சமமானது, ஆனால் ஒரு துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது.

பயத்தின் மணியை அடிக்கும் அமிக்டலா மூளையின் ஆழத்தில் இருக்கிறது. சாதாரணச் சுருள் அதை நேராகத் தொடாது. நெற்றிக்குப் பின்னால், மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியைத்தான் தூண்டுகிறார்கள். அந்தப் பகுதிக்கு ஆழத்தோடு நரம்புத் தொடர்பு உண்டு. கவலையை அடக்கி நிதானப்படுத்தும் வேலை அதற்குரியது. வேகமான துடிப்பு ஒரு பகுதியைச் சுறுசுறுப்பாக்கும், நொடிக்கு ஒன்று என்ற மெதுவான துடிப்பு அடக்கும் என்பது பொதுவான கணக்கு. மனச்சோர்வுக்கு இடப்பக்கம் வேகமாகவும், பதற்றத்துக்கு வலப்பக்கம் மெதுவாகவும் கொடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

"உள்ளே போனா என்ன பண்ணுவாங்க? வலிக்குமா?"

அக்காவின் முதல் நாளைச் சொல்கிறேன். பல் டாக்டரிடம் இருப்பது போன்ற சாய்வு நாற்காலி. காதில் அடைப்பான் கொடுத்தார்கள். எட்டு வடிவில், உள்ளங்கை இரண்டு சேர்ந்த அகலத்துக்கு ஒரு சுருளைத் தலையின் வலப்பக்கம் வைத்து, ஒற்றைத் துடிப்பாக விட்டு, மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார் டெக்னீஷியன். ஒரு இடத்தில் அக்காவின் இடது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அக்கா பயந்து கையை இழுத்துக்கொண்டாள். "இதைத்தாம்மா தேடினேன்" என்றார் அவர். விரலை அசைக்கும் மூளைப் பகுதி அது. விரல் துள்ளத் தேவையான மிகக் குறைந்த வலு எவ்வளவோ, அதை வைத்துத்தான் அந்த ஆளுக்கான அளவை நிர்ணயிக்கிறார்கள்.

பிறகு சுருளை முன்பக்கம் நகர்த்தித் தொடங்கினார்கள். டொக், டொக் என்று நொடிக்கு ஒன்று. எங்கள் வீட்டுப் பாட்டாலையில் பர்மாவிலிருந்து தாத்தா கொண்டுவந்த ஊசல் கடிகாரம் ஓடும் சத்தம் போலவே இருந்தது என்று அக்கா சொன்னாள். விரலால் மண்டையில் சுண்டுவது போல இருக்குமாம். முதல் நான்கு நாள் மாலையில் தலைவலி, ஒரு பாராசிட்டமால் போதுமாக இருந்தது. சிலருக்குக் கண்ணோரமோ தாடையோ துடிக்கும். முடிந்ததும் எழுந்து நடந்து வெளியே வந்தாள், எதிர்க்கடையில் இளநீர் குடித்தோம்.

"நிஜமாவே பதற்றத்துக்குக் கேட்குதா? வியாபாரம் இல்லையே?"

மனச்சோர்வுக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. எண்ணச் சுழற்சி நோய்க்கு, அதாவது கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது போன்றவற்றுக்கு, 2018-ல் கொடுத்தது. மனச்சோர்வோடு சேர்ந்து வரும் பதற்றத்தைக் குறைக்க 2021-ல் அனுமதி வந்தது. பொதுப் பதற்ற நோய் தனியாக இருந்தால் அதற்கென்று இந்த அனுமதி இல்லை.

பொதுப் பதற்ற நோய்க்கு நடந்த ஆய்வுகள் பலவும் சிறியவை. அவற்றில் நல்ல பலன் தெரிகிறது, மூளையைத் தூண்டாத போலிச் சுருள் வைத்து ஒப்பிட்டதிலும் வித்தியாசம் காட்டியிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், உறுதியான தீர்ப்பு என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதனால் உங்களுக்குப் பதற்றத்தோடு மனச்சோர்வும் இருக்கிறதா என்பது முக்கியமான விஷயம். அக்காவுக்கு இரண்டும் இருந்தன. மாத்திரை கேட்காத மனச்சோர்வுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதனால் நன்றாகக் குறைகிறது, மூன்றில் ஒருவருக்கு ஏறக்குறைய முழுதாக விலகுகிறது. "நூற்றுக்கு நூறு சரியாகும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

"தினமும் மதுரைக்குப் போகணுமா? கடை கண்ணியை யார் பார்க்கிறது?"

வாரத்தில் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம். 30 அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், திருச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தினம் போய்வந்தால் மொத்தம் 5400 கிலோமீட்டர் ஆகிறது. நாங்கள் முதல் வாரம் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் போய்வந்தோம். அந்தப் பயண அலுப்பே அக்காவுக்குப் படபடப்பைக் கூட்டியது. பிறகு மதுரையில் சின்னம்மா மகள் வீட்டில் தங்கவைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் அழைத்து வந்தோம். பணம் பேசும்போது அமர்வுக் கட்டணத்தோடு தங்குவதையும் சாப்பாட்டையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். நடுவில் விட்டால் கொடுத்த பணம் வீண்.

குறுகிய முறை ஒன்றும் உண்டு, தீட்டா பர்ஸ்ட் என்று பெயர். 37 நிமிடம் எடுக்கும் வழக்கமான அமர்வும் 3 நிமிட அமர்வும் மனச்சோர்வுக்கு ஒரே அளவு பலன் தந்தன என்று கனடாவில் 414 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. நாற்காலியில் இருக்கும் நேரம்தான் குறையும், நாட்கள் குறையாது.

"வலிப்பு வந்துருமோ? ஞாபகம் போயிருமோ?"

ஞாபகம் போவது ஈசிடியோடு சேர்ந்த பயம். அங்கே சில வாரங்களுக்கு மறதி இருக்கலாம். டிஎம்எஸ்ஸில் அது கிடையாது. வலிப்பு வரலாம், ஆனால் மிக அரிது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. முன்பே வலிப்பு நோய் உள்ளவர்கள், தலையில் அடிபட்டவர்கள், முதல் நாள் இரவு தூங்காதவர்கள், மது குடித்து திடீரென நிறுத்தியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடும். மதுவை வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

"எங்க அப்பச்சிக்கு பேஸ்மேக்கர் இருக்கு. ஆச்சி வைரத்தோட்டைக் கழற்ற மாட்டாங்க. என்ன பண்றது?"

பேஸ்மேக்கர் இருந்தால் இதய டாக்டர், மனநல டாக்டர் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை செய்து காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி இருந்தால் டிஎம்எஸ் கூடாது. பல்லில் அடைத்த சாதாரணச் சிமென்ட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

தோடு, கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி, காது மெஷின் எல்லாம் கழற்ற வேண்டும். ஆச்சிமார்களுக்குத் தோட்டைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சில பேருக்கு 40 வருடமாகக் காதை விட்டு இறங்கியிருக்காது. முதல் நாளே ஆசாரியிடம் போய் திருகைத் தளர்த்தி வைத்துவிடுங்கள், மருத்துவமனையில் வைத்துத் திருகிப் போராட வேண்டாம். தாலியைப் பற்றியும் கேட்கிறார்கள். எம்ஆர்ஐ அறை போல அறை முழுக்கக் காந்தம் இங்கே இல்லை, சுருளிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளினாலே வலு விழுந்துவிடும். அக்காவிடம் சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

"மெஷின் வச்சாச்சுன்னா மாத்திரையை நிறுத்திடலாம்ல?"

தானாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, பதற்றத்தை உடனே தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை. இவற்றைச் சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும், சட்டென்று விட்டால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். மேலே சொன்ன வலிப்பு ஆபத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இந்த வகை டிஎம்எஸ்ஸின் பலனைக் குறைக்கலாம் என்றும் ஒரு கருத்து இருப்பதால், டாக்டரே மெல்ல மெல்லக் குறைப்பார். அதை அவர் கையில் விடுங்கள்.

"பழைய சீட்டுதான், ஒரு அட்டை கொடுப்பா" என்று கேட்டு நான் மறுத்ததில் கோபித்துக்கொண்ட பெரியவர்கள் உண்டு. அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் நான் மறுக்கவில்லை. அந்த மாத்திரையிலிருந்து மீள முடியாமல் தவித்தவர்களை இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ஆன்லைனில் காதில் மாட்டுற மெஷின் விக்குது. வாங்கிப் போட்டுக்கவா?"

அதன் பெயர் சிஇஎஸ். காது மடல் வழியாக மிகச் சிறிய மின்சாரம் போகும். 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் இதை ஆபத்து வரிசையில் ஒரு படி இறக்கி, நடுத்தர ஆபத்துள்ள கருவி என்று வகைப்படுத்தியது. அங்கேயும் டாக்டர் சீட்டு வேண்டும். ஆதாரம் டிஎம்எஸ் அளவுக்குக் கிடையாது. பெயர் தெரியாத கம்பெனியின் கருவியை, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று தெரியாமல், தலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தப் பணத்தில் பல அமர்வு பேச்சுச் சிகிச்சை பார்க்கலாம்.

டாக்டர் சொல்லி டிடிசிஎஸ் எடுப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு தோலோடு சரியாக ஒட்டாமல் மின்சாரம் ஒரே இடத்தில் பாய்ந்து எரிச்சல் வரும். டிஎம்எஸ்ஸுக்கு எண்ணெய் ஒரு பிரச்சினை இல்லை.

"பேத்திக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். வெளியே தெரிஞ்சா?"

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க நோயாளிக்கு உரிமை உண்டு என்று மேலே சொன்ன 2017 சட்டம் சொல்கிறது. சட்டம் அனுமதிக்கும் சில சூழல் தவிர மருத்துவமனை வெளியாரிடம் சொல்லக் கூடாது. ஆனால் பெண்ணிடம் கேட்காமலே வீட்டார் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே நடக்கிறது. ஒரு பிள்ளை இரண்டு வருடம் தூங்காமல், சாப்பாட்டை அளைந்துகொண்டு, முகூர்த்தம் முடியட்டும் என்று காத்திருந்ததைப் பார்த்தேன். முகூர்த்தம் வந்தபோது மண்டபத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது மெஷின்கூட இல்லை, ஆறு மாத மாத்திரையும் காதுகொடுத்துக் கேட்க ஒரு ஆளும்தான்.

"இன்சூரன்ஸ் வருமா?"

உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் டிஎம்எஸ்ஸில் படுக்கையில் சேர்வது இல்லை, வந்து போகும் சிகிச்சை. உங்கள் பாலிசி அதை ஏற்கிறதா என்று தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"மதுரை வரை போக வசதியில்லை. முதல்ல யாரைப் பார்க்கிறது?"

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. வீட்டிலிருந்தே பேச டெலிமானஸ், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். "இருந்து என்ன, போயிடலாம்" என்ற நினைப்பு வந்தால் டிஎம்எஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கூட ஆள் இல்லையென்றால் என் கடைக்கு வாருங்கள், நான் வருகிறேன்.

"உங்க அக்காவுக்கு இப்போ எப்படி இருக்கு?"

மூன்றாவது வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. பணத்தைத் தண்ணீரில் போட்டோமோ என்று எனக்கே தோன்றியது. நான்காவது வாரம் ஒரு நாள், சிங்கப்பூரில் இருக்கும் பையன் போன் எடுக்கவில்லை. முன்பென்றால் அவன் எடுக்கும்வரை முகப்புக்கும் வளவுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னையும் கூப்பிடுவாள். அன்றைக்கு, "வேலையில் இருப்பான்" என்று சொல்லிவிட்டு வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை மனச்சோர்வு திரும்பி, எட்டு அமர்வு மறுபடி எடுத்தோம். எஸ்சிட்டலோபிராம் தொடர்கிறது, அல்பிரசோலத்தை டாக்டர் முழுதாக நிறுத்திவிட்டார். இரவில் இடி இடித்தால் இன்னும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வாரச் சந்தைக்குத் தனியாகப் போய்வருகிறாள்.